அமெரிக்காவில் சிறுதொழில்: முதலாளி தன் பணத்தை எடுப்பதும் சுயதொழில் வரி கட்டுவதும்

“இந்த மாதம் தொழிலிலிருந்து 3,000 டாலர் எடுத்தேன். அதற்கு வரி எவ்வளவு?” தனிநபராகத் தொழில் நடத்துபவர் இப்படிக் கேட்டால் பதில்: ஒன்றுமில்லை. எடுத்த பணத்துக்கு வரி கிடையாது, லாபத்துக்குத்தான் வரி. ஆண்டு முழுக்க 60,000 டாலர் லாபம் வந்து, அதில் 10,000 மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தொழில் கணக்கிலேயே விட்டாலும் வரி 60,000-க்குத்தான். கையில் எடுக்காத பணத்துக்கும் வரி உண்டு என்பது ஏப்ரல் மாதத்தில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. அதற்குள் அந்தப் பணம் சரக்காகவோ தவணையாகவோ போயிருக்கும்.

இங்கே சொல்லும் எண்கள் 2025 வரி ஆண்டுக்கான ஃபெடரல், அதாவது மத்திய அரசு, எண்கள். மாநில வரி தனி. இன்னொன்றும் முதலிலேயே சொல்ல வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் சொந்தத் தொழிலில் உழைத்துச் சம்பாதிக்கலாமா என்பது குடியேற்றச் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வி. ஒழுங்காக வரி கட்டுகிறோம் என்பதாலேயே அந்த உழைப்புக்கு அனுமதி கிடைத்துவிடாது. தொழில் தொடங்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 1: உங்கள் தொழில் வரிச் சட்டத்தின் கண்ணில் என்ன?

எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) பதிவு செய்துவிட்டால் வரி மாறிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரே உரிமையாளர் உள்ள எல்எல்சியை, வேறு தேர்வு செய்து படிவம் கொடுக்காதவரை, ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) வருமான வரிக்குத் தனி அமைப்பாகவே பார்ப்பதில்லை. பதிவே இல்லாமல் தொழில் செய்பவரும் அந்த எல்எல்சிக்காரரும் ஒரே மாதிரிதான், தனிநபர் வருமான வரிக்கான 1040 படிவத்தோடு, தொழிலின் லாப நட்டத்தைக் காட்டும் ஷெட்யூல் சி இணைக்கிறார்கள். இருவருமே சம்பளமாக இல்லாமல், எடுப்பு முறையில், அதாவது தொழில் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் எடுக்கிறார்கள். பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ‘எடுப்புகள்’ என்ற கணக்குத் தலைப்பு நினைவிருக்கும். அதேதான் இது.

இரண்டு பேர் சேர்ந்த எல்எல்சி என்றால் அது கூட்டாண்மை. கூட்டாண்மைக்கான 1065 படிவம் மார்ச் 15-க்குள் போக வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் கே-1 தாளில் வரும். உழைப்புக்காக ஒரு பங்காளிக்கு மாதாமாதம் நிலையான தொகை கொடுக்கலாம். ஆனால் அது டபிள்யூ-2 (ஊழியருக்கான ஆண்டுச் சம்பளச் சான்று) சம்பளம் ஆகாது, உத்தரவாதத் தொகைதான். பங்காளி தன் சொந்தக் கூட்டாண்மைக்கே ஊழியராக முடியாது என்று 1969-லேயே ஐஆர்எஸ் விளக்கம் கொடுத்துவிட்டது.

எஸ்-கார்ப் என்பது பதிவு வகை அல்ல, 2553 படிவத்தின் மூலம் செய்யும் வரித் தேர்வு. அதைச் செய்தபின் நீங்கள் உங்கள் நிறுவனத்துக்கு ஊழியரும் ஆவீர்கள். முதலில் சம்பளம், மீதி லாபப் பகிர்வு. சி-கார்ப் என்றால் நிறுவனமே 21 சதவீதம் வரி கட்டும். அதன்பின் ஈவுத்தொகையாக எடுக்கும்போது உங்கள் கையிலும் வரி உண்டு. வெளி முதலீடு தேடாத சிறுதொழிலுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது என்பதால் இனி சி-கார்ப் பற்றிப் பேசவில்லை.

தனிநபர் தொழில்காரர் செய்யக் கூடாதவை இரண்டு. தனக்குத் தானே டபிள்யூ-2 கொடுப்பது ஒன்று, தனக்குத் தானே 1099-என்இசி (ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் படிவம்) எழுதுவது இன்னொன்று. இரண்டும் தவறு. உங்களுக்கு நீங்கள் கொடுத்துக்கொண்டதைச் செலவாகக் காட்டினால் லாபம் பொய்யாகக் குறையும். பிறகு திருத்தப் படிவம், வட்டி என்று தொடரும்.

படி 2: பணத்தை எடுக்கும் முறை

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும், அதோடு ஒரு சேமிப்புக் கணக்கு வரிக்காக மட்டும். நிறுவன அடையாள எண்ணை ஐஆர்எஸ் தளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

மாதத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள், 5-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதம் வரவு 9,400 டாலர், செலவு 2,600, லாபம் 6,800. ஏப்ரல் 5 அன்று முதல் வேலை, லாபத்தில் 27 சதவீதத்தை, அதாவது 1,836 டாலரை, வரிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவது. அடுத்து 10 சதவீதத்தை, 680 டாலரை, மந்தமான மாதங்களுக்காகத் தொழில் கணக்கிலேயே விட்டுவையுங்கள். மீதி 4,284 டாலர் வீட்டுக் கணக்குக்குப் போகலாம். இந்த வரிசை மாறக் கூடாது. வீட்டுக்கு எடுத்தது போக மிஞ்சினால் வரிக்கு ஒதுக்கலாம் என்று இருப்பவர்களுக்கு எதுவுமே மிஞ்சுவதில்லை.

27 என்பது நடுத்தர லாபமுள்ள, மாநில வரி குறைவான ஒருவருக்கான தோராயம். டெக்சாஸ், புளோரிடா போலத் தனிநபர் வருமான வரி இல்லாத மாநிலத்தில் சிலருக்கு 25 போதும். கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ இருந்து, வாழ்க்கைத் துணைக்கும் நல்ல சம்பளம் இருந்தால் 35-ஐத் தாண்டலாம். உங்களுக்குச் சரியான சதவீதம் வேண்டுமென்றால் படி 3-இல் உள்ள கணக்கை உங்கள் எண்களோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கணக்கு மென்பொருளில் இந்த 4,284 டாலர் எங்கே போகிறது என்று பார்ப்பது முக்கியம். அது செலவுத் தலைப்பில் விழக் கூடாது. ‘உரிமையாளர் எடுப்பு’ என்ற மூலதனம் சார்ந்த தலைப்பில்தான் இருக்க வேண்டும். வங்கிப் பரிமாற்றங்களைத் தானாக வகைப்படுத்தும் மென்பொருள் இதைச் ‘சம்பளம்’ என்றோ ‘இதரச் செலவு’ என்றோ போட்டுவிடும். மாதக் கடைசியில் ஒருமுறை கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். அதேபோல் வீட்டுப் பணத்திலிருந்து தொழிலுக்குப் போட்டால் அது வருமானம் அல்ல, ‘உரிமையாளர் முதலீடு’. இதை விற்பனை என்று பதிந்துவிட்டு, சொந்தப் பணத்துக்கே வரி கட்டியவர்களும் உண்டு.

தொழில் அட்டையில் மளிகை வாங்காதீர்கள். தப்பித் தவறி வாங்கிவிட்டால் அதை எடுப்பாகப் பதியுங்கள், கதை முடிந்தது.

படி 3: சுயதொழில் வரி எவ்வளவு என்று கணக்கிடுதல்

சம்பளக்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் சேர்த்து 7.65 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி இன்னொரு 7.65 கட்டுவார். உங்களுக்கு முதலாளியும் நீங்கள், தொழிலாளியும் நீங்கள். அதனால் இரண்டு பங்கும் சேர்ந்து 15.3 சதவீதம்: சோஷியல் செக்யூரிட்டிக்கு 12.4, மெடிகேருக்கு 2.9. சோஷியல் செக்யூரிட்டிப் பகுதிக்கு உச்சவரம்பு உண்டு. 2025-இல் 1,76,100 டாலர், 2026-இல் 1,84,500 டாலர். மெடிகேருக்கு வரம்பே இல்லை. தனிநபருக்கு 2,00,000 டாலரையும், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,50,000 டாலரையும் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இன்னும் 0.9 சதவீதம் சேரும்.

இந்த 15.3 முழு லாபத்தின் மீது விழுவதில்லை. முதலாளி பங்குக்கு ஈடாக லாபத்தின் 92.35 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தொகை 400 டாலரை எட்டிவிட்டால், வருமான வரி ஒரு காசு வராவிட்டாலும், சுயதொழில் வரியைக் கணக்கிடும் ஷெட்யூல் எஸ்இ கட்டாயம்.

திருமணமாகாத ஒருவர், வேறு வருமானம் இல்லை, ஷெட்யூல் சி நிகர லாபம் 80,000 டாலர் என்று எடுத்துக்கொள்வோம்.

80,000 × 0.9235 = 73,880. அதில் 15.3 சதவீதம் 11,304 டாலர். இதுதான் சுயதொழில் வரி.

இதில் பாதியை, 5,652 டாலரை, வருமானத்திலிருந்து கழிக்கலாம். மீதி 74,348. நிலைக் கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 15,750 போனால் 58,598. இதன்பின் தகுதியுள்ள தொழில் வருமானத்துக்கான 20 சதவீதக் கழிவு வருகிறது. இந்த உதாரணத்தில் வரிக்குரிய வருமானத்தின் 20 சதவீதம் என்ற உச்சத்தில் அது நின்றுவிடும்: 11,720. ஆக, கடைசியில் வரிக்குரிய வருமானம் 46,878 டாலர். அதற்கு வருமான வரி 5,387.

மொத்தம் 16,691 டாலர், லாபத்தில் கிட்டத்தட்ட 21 சதவீதம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருமான வரி 5,387, சுயதொழில் வரி 11,304. இரண்டு மடங்குக்கும் மேல். வருமான வரி அட்டவணையை மட்டும் பார்த்து, ‘12 சதவீதப் படியில்தானே இருக்கிறோம்’ என்று ஒதுக்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் தெளிவாகும். ஷெட்யூல் சி-யில் எழுதும் தொழில் செலவு சுயதொழில் வரி, வருமான வரி இரண்டையும் குறைக்கும். ஓய்வூதியக் கணக்கில் போடும் பணம், உங்கள் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம், மேலே சொன்ன 20 சதவீதக் கழிவு ஆகிய மூன்றும் வருமான வரியை மட்டுமே குறைக்கும். சுயதொழில் வரியைத் தொடவே தொடாது. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது ரசீதுகளைத்தான். இந்த உதாரணத்தில் 1,000 டாலர் செலவைக் காட்ட மறந்தால் சுமார் 230 டாலர் கூடுதலாகக் கட்ட நேரிடும். அதில் 141 டாலர் சுயதொழில் வரி மட்டும். தொழிலுக்காக ஓட்டிய மைல்களைத் தேதி, இடம், காரணத்தோடு அன்றன்றே குறித்துவையுங்கள். 2025-இல் மைலுக்கு 70 சென்ட்.

லாபத்தைக் குறைத்துக் காட்டும் ஆசை வரும்போது இதையும் நினைவில் வையுங்கள். இந்த வரியில்தான் உங்கள் ஓய்வூதியத் தகுதி சேர்கிறது. 40 புள்ளிகள் வேண்டும், ஆண்டுக்கு நான்குதான் கிடைக்கும். 2025-இல் ஒரு புள்ளிக்கு 1,810 டாலர் வருமானம் தேவை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால், ஊரில் பி.எஃப். கட்டிய ஆண்டுகள் இங்கே கணக்கில் சேராது. வீட்டுக் கடன் கேட்கப் போனாலும், வங்கி பொதுவாகக் கடந்த இரண்டு ஆண்டு ஷெட்யூல் சி நிகர லாபத்தைத்தான் பார்க்கும்.

படி 4: நான்கு தவணைகள்

சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பது போல உங்களிடம் பிடிக்க யாரும் இல்லை. அதனால் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நான்கு முறை நீங்களே கட்ட வேண்டும். காலாண்டு என்று சொன்னாலும் இவை சமமான காலாண்டுகள் அல்ல. ஏப்ரல் தவணை மூன்று மாத வருமானத்துக்கு. ஜூன் தவணை ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு மட்டும். செப்டம்பர் தவணை மூன்று மாதத்துக்கு. ஜனவரி தவணை நான்கு மாதத்துக்கு. ஜூலையில் கட்டலாம் என்று இருந்து ஜூன் தவணையைத் தவறவிடுபவர்கள் ஏராளம். கடைசி நாள் வார விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள்.

எவ்வளவு கட்டினால் அபராதம் வராது? இந்த ஆண்டு வரியில் 90 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். அல்லது போன ஆண்டு மொத்த வரியில் 100 சதவீதம். போன ஆண்டு உங்கள் சரிக்கட்டிய மொத்த வருமானம் (ஏஜிஐ) 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 100 என்பது 110 ஆகும். இரண்டில் ஒன்று நிறைவேறினால் போதும். சம்பளத்தில் பிடித்தது போக ஆண்டு வரி 1,000 டாலருக்குக் குறைவாக இருந்தாலும் அபராதம் இல்லை.

இவற்றில் எளிது போன ஆண்டு வழிதான். பழைய 1040-இல் 24-ஆம் வரியைப் பாருங்கள். அங்கே 14,000 என்று இருந்தால் தவணைக்கு 3,500. இந்த ஆண்டு தொழில் இரட்டிப்பானாலும் அபராதம் வராது. ஆனால் மீதி வரியை ஏப்ரலில் கட்டியாக வேண்டும் என்பதால், வரிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்குவதை 3,500-ஓடு நிறுத்திவிடாதீர்கள். பருவத் தொழில், அதாவது வருமானத்தில் பெரும்பகுதி நவம்பர், டிசம்பரில் வருகிறது என்றால் 2210 படிவத்தின் ஏஐ ஷெட்யூல் மூலம் வருமானம் வந்த மாதங்களுக்கு ஏற்பக் கணக்குக் காட்டலாம். அலுப்பான படிவம்தான், ஆனாலும் பண்டிகைக் கால வியாபாரிகளுக்குப் பலன் தரும்.

பணம் கட்ட ஐஆர்எஸ் தளத்தில் ‘டைரக்ட் பே’ போதும். அதில் காரணம் ‘எஸ்டிமேட்டட் டாக்ஸ்’, படிவம் 1040-இஎஸ், அப்புறம் ஆண்டு. ‘ஆண்டு’ என்ற இந்தக் கட்டத்தில்தான் தவறு நடக்கும். 2026 ஜனவரி 15-இல் கட்டுவது 2025-க்கான கடைசித் தவணை. 2026 என்று தேர்ந்தெடுத்துவிட்டால் 2025-க்குக் கட்டவில்லை என்று அறிவிப்பு வரும். உறுதிப்படுத்தும் எண்ணைப் படம்பிடித்துச் சேமித்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு வேறு தளம், வேறு அட்டவணை. கலிஃபோர்னியா நான்கு சம பங்காகக் கேட்பதில்லை. ஏப்ரலில் 30 சதவீதம், ஜூனில் 40, செப்டம்பரில் ஒன்றுமில்லை, ஜனவரியில் 30.

அதிகம் பேர் பயன்படுத்தாத வழி ஒன்று உண்டு. சம்பளத்தில் பிடித்த வரி எந்த மாதம் பிடித்திருந்தாலும் ஆண்டு முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே கருதப்படும். சேர்ந்து தாக்கல் செய்யும் துணைவருக்கு வேலை இருந்தால், அவர் வேலை இடத்தில் கொடுக்கும் டபிள்யூ-4 (வரிப் பிடித்தப்) படிவத்தில் 4(சி) கட்டத்தில் கூடுதல் பிடித்தம் எழுதிக் கொடுக்கலாம். ஜூன், செப்டம்பர் தவணைகளைத் தவறவிட்டவர்கள் அக்டோபரில்கூட இப்படிச் சரிக்கட்டிவிடலாம்.

வேலையும் உண்டு, பக்கத் தொழிலும் உண்டு என்றால்

சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பு ஆளுக்கு ஒன்றுதான். 2025-இல் உங்கள் டபிள்யூ-2 சம்பளம் 1,80,000 டாலர், பக்கத் தொழில் லாபம் 20,000 என்றால், வரம்பு சம்பளத்திலேயே நிரம்பிவிட்டது. தொழில் லாபத்துக்கு மெடிகேர் மட்டும்: 18,470-இல் 2.9 சதவீதம், 536 டாலர். 2,826 என்று பயந்திருந்தவருக்கு நிம்மதி. ஷெட்யூல் எஸ்இ-யில் சம்பளத் தொகையை எழுத மறந்தால்தான் இந்தச் சலுகை போகும்.

இப்படிப்பட்டவர் எஸ்-கார்ப் பக்கம் போவது பெரும்பாலும் நஷ்டம். சொந்த நிறுவனம் தரும் சம்பளத்துக்கு முதலாளி பங்கான 6.2 சதவீதத்தை மறுபடியும் கட்ட வேண்டும். ஊழியர் பங்கில் அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும்; முதலாளி பங்கு திரும்பவே திரும்பாது.

படி 5: எஸ்-கார்ப் உண்மையில் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்?

எஸ்-கார்ப்பில் சம்பளத்துக்கு மட்டும் 15.3 சதவீதம், லாபப் பகிர்வுக்குச் சுயதொழில் வரி இல்லை. காணொளிகளில் இதை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதே 80,000 டாலரை வைத்து முழுக் கணக்கையும் போட்டுவிடுவோம்.

சம்பளம் 50,000. இரு பங்கும் சேர்த்து 7,650 டாலர். 11,304-இலிருந்து கழித்தால் 3,654 மிச்சம் போலத் தெரிகிறது. ஆனால் சம்பளத் தொகைக்கு அந்த 20 சதவீதக் கழிவு கிடையாது. கழிவு 11,720-இலிருந்து 5,227-ஆகச் சுருங்குகிறது. சுயதொழில் வரியில் பாதியைக் கழிக்கும் வாய்ப்பும் இல்லை. முதலாளி பங்கு மட்டும் நிறுவனச் செலவாகப் போகும். விளைவு, வருமான வரி 5,387-இலிருந்து 7,048-ஆக ஏறுகிறது. ஃபெடரல் வேலையின்மை வரி இன்னும் 42 டாலர். எல்லாம் போக மிச்சம் சுமார் 1,950. இதற்குள்தான் சம்பளப் பட்டியல் சேவைக் கட்டணம், எஸ்-கார்ப் வரிப் படிவமான 1120-எஸ் தயாரிக்கும் கணக்காளர் கட்டணம், மாநில வேலையின்மை வரி எல்லாம் அடங்க வேண்டும். கலிஃபோர்னியா எஸ்-கார்ப் லாபத்தில் 1.5 சதவீதம் தனியாகக் கேட்கும். நியூ யார்க் நகரமோ எஸ் தேர்வை ஏற்பதே இல்லை. 80,000 டாலர் லாபத்தில் இந்த மாற்றம் பலருக்குக் கைக்காசைத்தான் கரைக்கும் என்பதே எங்கள் கருத்து. நியாயமான சம்பளம் போகவும் பெருந்தொகை மிஞ்சும் தொழிலுக்குத்தான் இது பொருந்தும்.

சம்பளத்தைக் குறைத்து எழுதினால் மிச்சம் கூடும்தானே என்று கேட்கலாம். அப்படிச் செய்யக் கூடாது. அதே வேலைக்கு வெளி ஆளை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதுதான் நியாயமான சம்பளம். ஐயோவா மாநிலக் கணக்காளர் ஒருவர் ஆண்டுக்கு 24,000 டாலர் மட்டும் சம்பளமாக எழுதிக்கொண்டு, 2002-இல் 2,00,000 டாலருக்கு மேல் பகிர்வாக எடுத்தார். நீதிமன்றம் அவருடைய சம்பளத்தை 91,044 டாலர் என்று நிர்ணயித்தது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உங்கள் துறைக்கு, உங்கள் ஊருக்கு என்ன சம்பளம் என்ற அரசுப் புள்ளிவிவரப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

முடிவு செய்துவிட்டால் வேலை வரிசை இதுதான். ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் 15 நாட்களுக்குள் 2553 படிவம். தவறினால் தக்க காரணத்தோடு பிந்திய சலுகை கேட்க வழி உண்டு. பிறகு மாநிலத்தில் ஊதியப் பதிவு. சம்பளத்தைச் சேவை நிறுவனம் வழியாகவே ஓடவிடுங்கள். காலாண்டுக்கு 941 (சம்பள வரிப் படிவம்), ஆண்டுக்கு 940 (வேலையின்மை வரிப் படிவம்), ஜனவரி 31-க்குள் டபிள்யூ-2, மார்ச் 15-க்குள் 1120-எஸ். இந்தக் கடைசிப் படிவம் தாமதமானால், வரி பாக்கி இல்லாவிட்டாலும், பங்குதாரர் ஒருவருக்கு மாதம் 200 டாலருக்கு மேல் அபராதம். சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் சரக்கு வாங்கச் செலவழிப்பது எல்லாவற்றையும் விட ஆபத்து. அது அரசின் பணம். நிறுவனத்தைத் தாண்டி உங்கள் சொந்தச் சொத்திலிருந்தே அதை முழுதாக வசூலிப்பார்கள்.

பகிர்வைப் பங்கு விகிதப்படிதான் எடுக்க வேண்டும். பாதிப் பாதி என்றால் ஒருவர் 10,000 எடுக்கும்போது மற்றவருக்கும் 10,000. மருத்துவக் காப்பீட்டு கட்டணத்தை நிறுவனம் கட்டினால், டிசம்பருக்குள் அதை உங்கள் டபிள்யூ-2 முதல் கட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையேல் கழிவு கிடைக்காது. நம்மவர்கள் செய்யும் இன்னொரு தவறு, ஊரில் இருக்கும் அப்பா பெயரிலோ தம்பி பெயரிலோ கொஞ்சம் பங்கு எழுதுவது. அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாமல், வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவராகவும் இல்லாத ஒருவர் பங்குதாரர் ஆனால் எஸ் தேர்வே செல்லாமல் போய்விடும்.

தவணை தவறியிருந்தால்

இன்றே கட்டுங்கள்; அடுத்த தவணைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். குறைவாகக் கட்டியதற்கான அபராதம் வட்டி போலத்தான் ஓடுகிறது. 2025-இல் ஆண்டுக்கு 7 சதவீதம்; 3,000 டாலர் மூன்று மாதம் தாமதம் என்றால் ஏறக்குறைய 50 டாலர். படிவத்தைத் தாக்கல் செய்யாமல் இருப்பதுதான் பெரும் செலவு. கட்டாத வரியில் மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை. தாக்கல் செய்துவிட்டு கட்ட முடியாமல் இருந்தால் மாதம் அரை சதவீதம். எனவே கையில் பணம் இல்லாவிட்டாலும் 1040-ஐ நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள். பாக்கி 50,000 டாலருக்குள் இருந்து எல்லாப் படிவங்களும் தாக்கலாகியிருந்தால், ஐஆர்எஸ் தளத்திலேயே மாதத் தவணைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 180 நாட்களுக்குள் முடித்துவிட முடியும் என்றால் குறுகிய காலத் திட்டத்தைக் கேளுங்கள். அதற்குத் தொடக்கக் கட்டணம் இல்லை.